கடையாட்ட இலக்கணம்

பாயிரம்

கால்பந்தாட்டத்துக்கு விதிநூல் உண்டு. பதினேழே விதிகளில் மொத்த ஆட்டத்தையும் அடக்கிவிட்டார்கள். ஆட்டம் பார்க்கப் போவதற்குத்தான் நூல் கிடையாது. அதிலும், ஒரு கழகம் ஒரு பருவத்தில் தன் சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டத்துக்குப் போவது தனியே இலக்கணம் வகுக்கத்தக்க பெரும்பொருள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இலக்கணம் தெரியாமலே அதைச் செய்துவருகிறார்கள். அக்குறை தீர இந்நூல் இயற்றப்படுகிறது.

இந்நூலுள் அவ்வாட்டம் 'கடையாட்டம்' எனப்படும். இது வழிநூல் அன்று, முதல்நூல். ஆகவே குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் முன்னோர் மீது பழிபோட வழியில்லை. வகுக்கும் முறைக்கு மட்டும் தொல்காப்பியரின் திணைகளைக் கடன் வாங்கியிருக்கிறேன். அவர் மான்செஸ்டரையும் ஹாம்பர்க்கையும் மனத்தில் வைத்து அவற்றை வகுக்கவில்லை என்று யாரேனும் தடை எழுப்பலாம். திணைகள் பொருந்துகின்றன; பொருந்தாத இடங்களில் மான்செஸ்டரைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலம், சொந்த மைதானம். பொழுது இருவகை. பெரும்பொழுது இளவேனில்: ஆகஸ்டில் தொடங்கும் இங்கிலாந்துப் பருவம் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ முடிகிறது, நம் சித்திரை வைகாசியோடு அது அப்படியே ஒத்துப்போகிறது. எட்டு மாதம் கம்பளிக்குள் குறுகி உட்கார்ந்திருந்தவர்கள் அன்று அரைக்கைச் சட்டையில் வருவார்கள். வெயில் அரிதாகப் படும் தோலாகையால் சிவந்து வீடு திரும்புவார்கள்.

சிறுபொழுதுதான் வியப்புக்குரியது. கீழ்ப்பிரிவுகளில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது பழைய மரபு. பிரிமியர் லீகின் இறுதி நாளில் எல்லா ஆட்டங்களும் ஞாயிறு நான்கு மணிக்கு ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. இரண்டும் எற்பாடு. எற்பாடு நெய்தலுக்குரியது, நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தொல்காப்பியர் ஆட்டம் தொடங்கும் நேரத்தை அறிந்தே வகுத்தார் என்று சொல்லத் துணியமாட்டேன். அறியாமல் வகுத்தார் என்றும் நம்ப முடியவில்லை. அதே நான்கு மணி சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு எட்டரை. அது 'மாலை'யில் அடங்கும், மாலை முல்லைக்குரியது, உரிப்பொருள் காத்து இருத்தல். ஆக, அங்கே மைதானத்தில் உள்ளவர் இரங்குகிறார், இங்கே தொலைக்காட்சி முன் உள்ளவர் சாப்பாடு ஆறக் காத்திருக்கிறார்.

தொலைக்காட்சியில் பார்ப்பது கடையாட்டத்துக்குச் சென்றதாகுமா எனின், ஆகாது என்க. விசில் ஊதிய சிறிது நேரத்தில் ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போய்விடும். கடையாட்டமோ விசில் ஊதிய பிறகுதான் தொடங்குகிறது. இந்நூலின் உயிர்நிலை இவ்விடத்தே உள்ளது. முடிவில் இதற்கே திரும்புவோம்.

கடையாவது யாது

பிரிமியர் லீகில் இருபது கழகங்கள். ஒவ்வொன்றுக்கும் முப்பத்தெட்டு ஆட்டம். அவற்றுள் பத்தொன்பது சொந்த மைதானத்தில். இறுதி நாளில் பத்து ஆட்டம் நடக்கும். ஆகவே பத்துக் கழகங்கள் வீட்டில் இருக்கும், பத்துக் கழகங்கள் வெளியூரில் இருக்கும். ஒரே ஊரின் இரு கழகங்கள் ஒரே நாளில் வீட்டில் ஆடினால் காவல்துறைக்குக் கை போதாது என்பதால், அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்ப்பார்கள். லிவர்பூல் இறுதி நாளில் வீட்டில் என்றால் எவர்ட்டன் எங்கோ பேருந்தில் போய்க்கொண்டிருக்கும். 2025இல் அப்படித்தான் நடந்தது.

எனவே கடையாட்டம் இருவகைப்படும்: அதோடு பருவமே முடிந்துவிடும் முற்றுக்கடை, அதன் பிறகும் வெளியூர் ஆட்டம் பாக்கி வைக்கும் எச்சக்கடை. முற்றுக்கடையே சிறப்புடையது என்பது பொதுக்கருத்து. எச்சக்கடையில் கண்ணீர் விட்டு, கையசைத்து, மாலை மரியாதை எல்லாம் முடிந்த பிறகு, விடைபெற்று வாசல்வரை போனவர் மறந்த குடையை எடுக்கத் திரும்பி வருவது போல ஒரு வாரம் கழித்து இன்னோர் ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். மான்செஸ்டர் யுனைட்டெடின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2013 மே 12 அன்று ஓல்டு டிராஃபர்டில் ஸ்வான்சியை 2-1 என வென்று, ஒலிவாங்கியைப் பிடித்து விடைபெற்றார். இருபத்தாறு ஆண்டு ஆட்சி. அதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது. ஆனால் முடிவு அது இல்லை. அடுத்த ஞாயிறு வெஸ்ட் பிரோம்விச்சில் அவருடைய 1,500ஆவது ஆட்டம் நடந்தது, 5-5. கதையில் எழுதினால் ஆசிரியர் திருத்தச் சொல்லியிருப்பார்.

மூன்றாவதாகப் பொய்க்கடை என்று ஒன்றுண்டு. இது சாம்பியன்ஷிப் முதலான பிரிவுகளுக்கே உரியது. பிளே-ஆஃபுக்குத் தகுதி பெறும் கழகம் நன்றி சொல்லி மைதானத்தை வலம் வந்த சில நாட்களில், அதே மைதானத்தில் அதே மக்கள் முன் அரையிறுதிக்கு வந்து நிற்கும். தோற்றால் மறுபடி நன்றி சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் இருமுறை நெஞ்சு உருகுவது எளிதன்று.

அறியாக்கடை இவை எல்லாவற்றிலும் கொடியது. 2019 மே தொடக்கத்தில் பரி கழகத்தின் ரசிகர்கள் கிக் லேன் மைதானத்துக்குக் கொண்டாடத்தான் போனார்கள். சில நாட்களுக்கு முன்னர்தான் அணி மேல்பிரிவுக்கு உயர்ந்திருந்தது. கடன் கழுத்தை நெரித்தது. ஆகஸ்டில் ஒரு பந்துகூட உதைபடாமல் கழகம் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு படியிறங்கியவர்கள் கடையாட்டத்திலிருந்துதான் இறங்கினார்கள். அவர்களுக்கு அது தெரியாது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது மூன்றாம் நான்காம் பிரிவுகள் பாதியில் நிறுத்தப்பட்டன. அங்கும் மார்ச் மாதத்து ஏதோ ஓர் ஆட்டம் பின்னோக்கிக் கடையாட்டம் என்று பதவி பெற்றது. இந்த இனத்துக்கு யாரும் 'சென்றேன்' என்று சொல்ல முடியாது. சென்றிருந்தேன் என்றே சொல்ல முடியும்.

திணைகள்

வாகை முதலில். வாகை பற்றி உலகம் அளவுக்கு மீறிப் பேசிவிட்டது. 2012 மே 13 அன்று மான்செஸ்டர் சிட்டி இடைநிறுத்த நேரத்தில் இரண்டு கோல் அடித்து, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை 3-2 என வென்று, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் எடுத்ததை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. இலக்கணத்துக்கு வேண்டிய செய்தி ஒன்று மட்டும்: அன்று தோற்ற அணியின் ரசிகர்களும் ஆடிப் பாடினார்கள். வேறோர் ஊரில் போல்ட்டன் வெல்லாமல் போனதால் அவர்கள் பிரிவில் தப்பிவிட்டார்கள். ஒரே மைதானத்தில் இரு பக்கமும் வாகை சூடிய அரிய நிகழ்வு. தொல்காப்பியர் வாகையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தொழிலில் மேம்படுவதையும் அதில் சேர்த்தார். பதினேழாம் இடத்தில் முடிப்பது ஒரு தொழில். அதிலும் மேம்பாடு உண்டு.

வாகைக்குள் கவிழ்வாகை என்றொரு துறை உண்டு. கோப்பையைத் துடைத்து வைத்துக் காத்திருந்த வீட்டில் விருந்தாளி வந்து அதை எடுத்துப் போவது. 1989 மே 26, வெள்ளி இரவு, ஆன்ஃபீல்டு. ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றாலொழிய லிவர்பூலுக்கே பட்டம். தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகு மைக்கேல் தாமஸ் அந்த இரண்டாவது கோலை அடித்தார். ஆறு வாரத்துக்கு முன் ஹில்ஸ்பரோவில் தம் உறவினரைப் பறிகொடுத்த ஊர் அது. இதற்கு மேல் இந்தத் துறைக்கு விளக்கம் எழுதக் கூச்சமாயிருக்கிறது.

நொச்சி: கோட்டையைக் காத்தல். தொல்காப்பியர் இதை உழிஞைக்குள்ளேயே அடக்குவார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் தனித்திணையாகப் பிரிப்பார். கடையாட்ட இலக்கணத்தில் ஐயனாரிதனார் கட்சியே வெல்லும். கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பப் போராடும் ரசிகனும் பட்டத்துக்கு முட்டும் ரசிகனும் ஒரே திணையினர் என்றால் இருவருமே அடிக்க வருவார்கள். 2022 மே 19 அன்று எவர்ட்டன் இடைவேளையில் கிறிஸ்டல் பேலசிடம் 0-2 எனப் பின்தங்கி, 3-2 என வென்று பிரிவைத் தக்கவைத்துக் கொண்டது. உடனே கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. உரிமையின்றிக் களத்தில் கால் வைப்பதை 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நொச்சி சூடியவர்க்கு அந்தச் சட்டம் நினைவில் இருப்பதில்லை. நினைவிருப்பவர்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று, இறங்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்து, பிறகு இறங்குகிறார்கள்.

ஆனால் நொச்சியின் உச்சம் பெரிய மைதானங்களில் இல்லை. 1999 மே 8, கார்லைல், பிரண்டன் பார்க். நான்காம் பிரிவின் அடிவாரம். கார்லைல் வெல்லாவிட்டால் லீகை விட்டே வெளியே போக வேண்டும், பிளிமத்தோடு 1-1. இடைநிறுத்த நேரமும் முடியப்போகிறது. கார்னர் கிடைக்கிறது. கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு ஓடி வருகிறார். அவர் கழகத்தின் ஆள்கூட இல்லை, ஸ்விண்டனிலிருந்து இரவல் வாங்கப்பட்டவர். தலையால் முட்டப்பட்ட பந்தைத் தடுத்து எதிரணிக் கோல்கீப்பர் தள்ளிவிட, அது கிளாஸின் காலடிக்கு வருகிறது. கோல். கூட்டம் புல்லுக்குள் பாய்கிறது.

அதே நேரம் நாட்டின் மறுகரையில், கடலோர ஊரான ஸ்கார்பரோவில், இன்னொரு கடையாட்டம் முடிந்திருந்தது. ஸ்கார்பரோ 1-1 என முடித்து, கார்லைல் ஆட்டமும் அப்படியே முடியும் என்ற நம்பிக்கையில் களத்திலேயே கொண்டாடிக் கொண்டிருந்தது. கிளாஸின் கோல் விழுந்ததும் அந்தக் கொண்டாட்டத்தின் கீழிருந்து தரை உருவப்பட்டது. லீகை விட்டுப் போன ஸ்கார்பரோ திரும்பி வரவேயில்லை. 2007இல் கழகமே கலைந்துபோனது. எங்கோ ஓர் ஊரில் நொச்சி மலர்ந்தால் வேறோர் ஊரில் காஞ்சி மலர்கிறது. பார்ப்பவன் ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

காஞ்சி, நிலையாமை. பிரிவிறக்கம். இதற்குத் தொல்காப்பியர் காஞ்சியையே கொள்க. வெண்பாமாலையின் காஞ்சி வேறு. ஹாம்பர்க் கழகத்தைவிடச் சிறந்த மேற்கோள் கிடையாது. ஜெர்மனியின் முதல் பிரிவு 1963இல் தொடங்கியது முதல் 2018 வரை எல்லாப் பருவத்திலும் இறங்காமல் ஆடிய ஒரே கழகம். அந்தப் பெருமையை ஆண்டு, நாள், மணி, நொடி எனக் காட்டும் கடிகாரம் ஒன்றைத் தங்கள் மைதானத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். நிலையாமையை அழைக்க இதைவிட நல்ல வழி இல்லை. 2018 மே 12 அன்று வீட்டில் 2-1 என வென்றார்கள், இறங்கினார்கள். வேறிடத்தில் வோல்ஃப்ஸ்பர்க் வென்றுவிட்டது. கடைசி நிமிடங்களில் கோபத்தில் தீப்பந்தங்கள் களத்தில் விழுந்தன, ஆட்டம் சிறிது நேரம் நின்றது. பிறகு, இதைத்தான் நான் பெரிதும் ரசிக்கிறேன், கடிகாரத்தைக் கழற்ற மனமில்லாமல், கழகம் தோன்றிய 1887இலிருந்து எண்ணும்படி அதை மாற்றி வைத்தார்கள். ஏழாண்டு கீழே கிடந்து, 2025 மே 10 அன்று, மறுபடியும் ஒரு கடையாட்டத்தில், உல்ம் அணியை 6-1 என அடித்து மேலே ஏறினார்கள்.

காஞ்சியில் ஓர் உரைப்பிழையையும் களைய வேண்டும். 1974 ஏப்ரல் 27 அன்று ஓல்டு டிராஃபர்டில் சிட்டிக்காக ஆடிய டெனிஸ் லா, தன் பழைய கழகமான யுனைட்டெடுக்கு எதிராகக் குதிகாலால் கோல் அடித்து அதைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளினார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கோல் உண்மை; அவர் கொண்டாடாமல் தலை குனிந்து போனதும் உண்மை. ஆனால் அன்று மற்ற ஊர்களில் வந்த முடிவுகளாலேயே யுனைட்டெட் இறங்கியிருக்கும். நல்ல கதையைச் சான்று கெடுப்பது எல்லா இலக்கணங்களிலும் நடப்பதே.

பாடாண்: ஒருவரைப் புகழ்ந்து விடை கொடுத்தல். ரோமின் டோட்டி 2017 மே 28 அன்று கடிதம் எழுதி வந்து வாசித்தார். டார்ட்மண்டின் மார்கோ ராய்ஸ் 2024 மே 18 அன்று ஃப்ரீகிக்கில் ஒரு கோல் அடித்ததோடு, மைதானத்துக்கே பீர் வாங்கிக் கொடுத்தார். பாட்டுடைத் தலைவன் புலவர்க்குப் பரிசில் தருவது பாடாணின் பழைய மரபு என்பதை ஜெர்மானியர் மறக்கவில்லை. எதிர்மறைக்கு மிலான். 2009 மே 24 அன்று பாவ்லோ மால்தினி தம் வீட்டில் கடைசியாக ஆடினார். வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே சட்டையில் ஆடியவர். கோலுக்குப் பின்னிருந்த தீவிர ரசிகர் கூட்டத்தில் ஒரு பகுதி அவருக்கு எதிராகப் பதாகை பிடித்து விசிலடித்தது. ஒரு வாரம் கழித்து, எச்சமாக இருந்த ஃபிளோரன்ஸ் ஆட்டத்தில் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வீட்டில் கிடைக்காத பாடாண் வெளியூரில் கிடைத்தது. எச்சக்கடையின் பயன் இதுதான் போலும்.

ஆளுக்கன்றி மைதானத்துக்கே விடைகொடுக்கும் ஆட்டங்களை நடுகல் என்று வகுத்தல் தகும். ஹைபரி 2006, அப்டன் பார்க் 2016, ஒயிட் ஹார்ட் லேன் 2017, குடிசன் பார்க் 2025. இவற்றில் வீட்டு அணி வெல்ல வேண்டும் என்பது மரபு. ஹைபரியில் தியரி ஓன்றி மூன்று கோல் போட்டுப் புல்லை முத்தமிட்டார். குடிசனில் இலிமான் ந்தியாயே இரண்டு கோல் போட்டார். மேன் ரோடு மரபை மீறியது: 2003 மே 11 அன்று சிட்டி எண்பதாண்டு வீட்டில் சவுத்தாம்ப்டனிடம் 0-1 எனத் தோற்று வெளியேறியது. அப்போதைய சிட்டி ரசிகர்களைக் கேட்டால் அதுவே மேன் ரோட்டுக்குப் பொருத்தமான விடை என்று சொல்வார்கள். அவர்கள் பழைய கையறுநிலைப் புலவர்கள். பணம் பின்னால் வந்தது.

உழிஞையை, அதாவது முற்றுகையை, சொந்தக் கோட்டை மீதே நடத்துவதும் உண்டு. 2015 மே 2 அன்று பிளாக்பூல் ரசிகர்கள் உரிமையாளர்களுக்கு எதிராகக் களத்தில் இறங்கி நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. 0-0 என்ற முடிவை லீக் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் ஆடியிருந்தாலும் அப்படித்தான் முடிந்திருக்கும் என்று லீக் கருதியதோ என்னவோ.

கேள்வியியல்

எல்லாத் திணைக்கும் பொதுவான கருப்பொருள்கள் பல: பை எனப்படும் இறைச்சிப் பணியாரம், தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு, 'உங்கள் சட்டையைத் தருவீர்களா' என்று எழுதிய அட்டையைப் பிடித்த சிறுவன், குடிசனில் ஆட்டத்துக்கு முன் மிட்டாய் வீசிய டாஃபிப் பெண். இவற்றை விரிக்கின் பெருகும். ஒன்றை மட்டும் விரித்தே ஆக வேண்டும்: வேறிடத்து ஆட்டம் பற்றிய கேள்வி, அதாவது காதால் கேட்பது.

தொலைபேசி கைக்கு வராத காலத்தில் ஸ்டாண்டில் பகுதிக்கு ஒருவர் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருப்பார். சுற்றிலும் இருக்கும் நூறு பேர் களத்தைப் பார்ப்பதை விட்டு அவர் புருவத்தைப் பார்ப்பார்கள். ஆண்டு முழுவதும் யாரும் மதிக்காத ஒருவருக்கு இரண்டு மணிநேரம் அரச பதவி. இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி. ஒரே சமயத்தில் எல்லாரும் பார்ப்பதால் எவருக்கும் சிக்னல் இல்லை. ஆகவே கேள்வி பழையபடியே வாய்மொழியாகப் பரவுகிறது. அது மூவகைப்படும். 'ஆட்டம் ஆரம்பித்துவிட்டது' என்பதை 'கோல்' என்று கேட்பது பிறழ்கேள்வி. வேண்டும் என்பதற்காகவே கேட்பது வேட்கைக் கேள்வி. பின்வரிசையில் ஒருவன் சும்மா 'கோல்!' என்று கத்த, இருபத்தைந்து வரிசை எழுந்து கட்டிப்பிடித்துக் கொள்வது குறும்புக் கேள்வி; அவனை யாரும் அடிப்பதில்லை, அந்தப் பத்து நொடிக்கு நன்றி இருக்கிறது.

கேள்வியால் விளைந்த பெருங்கேடு 2001 மே 19 அன்று ஷால்கவில் நேர்ந்தது. தங்கள் பழைய பார்க்ஸ்டாடியோனில் கடைசி லீக் ஆட்டத்தை 5-3 என வென்றார்கள். ஹாம்பர்க்கில் பையர்ன் மியூனிக் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கியிருந்தது. அந்த ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு சொல் பரவியது. 1958க்குப் பிறகு பட்டம்! கூட்டம் களத்தில் இறங்கியது, வாணம் வெடித்தது, பெரியவர்கள் அழுதார்கள். ஆட்டம் முடியவில்லை. பெருந்திரையில் ஹாம்பர்க் தெரிந்தது. பையர்னின் பாட்ரிக் ஆண்டர்சன் பெட்டிக்குள்ளிருந்து அடித்த ஃப்ரீகிக் உள்ளே போனது. நான்கு நிமிடச் சாம்பியன் என்று ஷால்கவுக்குப் பட்டப்பெயர் வந்தது; இதயங்களின் சாம்பியன் என்றும் சொல்வார்கள். ஆறுதல் பரிசுக்குப் பெயர் வைப்பதில் ஜெர்மானியர் வல்லவர். ஓர் உண்மையை மட்டும் குறித்து வைக்கிறேன்: அந்த நான்கு நிமிடமும் களத்தில் இருந்தவர்கள் அனுபவித்தது பொய் மகிழ்ச்சி அன்று. மகிழ்ச்சி முழுமையானது, காரணம் மட்டுமே இல்லை.

கைக்கிளை

இதுகாறும் சொன்ன திணைகள் அனைத்தும், என் துணிபில், கடையாட்டத்தின் கலப்பினங்களே. பட்டம், தப்பித்தல், வீழ்ச்சி, நாயகன், இடிபடப்போகும் ஸ்டாண்டு: ஏதோ ஒரு செய்தி நடுவில் வந்து உட்கார்ந்து, பருவம் முடிகிறது என்பதையே மறைத்துவிடுகிறது. கடையாட்டத்தின் தூய வடிவத்தைக் காண வேண்டுமானால், பன்னிரண்டாம் இடத்தில் இருக்கும் கழகம் பதினான்காம் இடத்தில் இருக்கும் கழகத்தோடு ஆடும் ஆட்டத்துக்குப் போக வேண்டும். வென்றால் பதினோராவது, தோற்றால் பதின்மூன்றாவது. இதற்கும் மைதானம் முக்கால் நிறைகிறது. ஏன்?

கைக்கிளை என்றால் ஒருதலைக் காமம் என்பது பள்ளிப் பாடம். ரசிகனுக்குக் கழகத்தின் மேல் உள்ளது அதுவே. கழகத்துக்கு அவனைத் தெரியாது. அவன் இருக்கை எண் தெரியும், அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டை எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதும் தெரியும். வீரர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஜூன் 30 அன்று முடிகிறது. சட்டையில் உள்ள முத்திரையை மே மாதம் முத்தமிட்டவர் ஜூலையில் வேறு முத்திரையை முத்தமிடுவார். இது தெரிந்தே போகிறான். தெரியாமல் போனால் அது கைக்கிளை ஆகாது, ஏமாளித்தனம். அதற்குத் தனித் திணை வேண்டும்.

இந்தத் திணையில் ஆட்டம் இரண்டாம் பட்சம். வீரர்கள் கடற்கரைக்கு மனத்தளவில் போய்விட்டார்கள் என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். ரசிகர்களும் அவர்களைத் தேடுவதில்லை. இளைஞர் அணியிலிருந்து பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை எழுபதாம் நிமிடத்தில் இறக்குவார்கள்; அவன் பந்தைத் தொட்டால் கைதட்டு, தவறவிட்டாலும் கைதட்டு. ஒன்பது ஆண்டாகப் பக்கத்து இருக்கையில் உட்காரும் மனிதரிடம் பேச்சு நடக்கும். அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது தெரியும், மகள் ஆஸ்திரேலியாவில் இருப்பது தெரியும், பெயர் தெரியாது. கேட்கும் கட்டம் எட்டாண்டுக்கு முன்பே கடந்துவிட்டது.

எண்பதாம் நிமிடத்தில் எழுந்து போகிறவர்களும் உண்டு. கார் நிறுத்துமிடத்தில் நெரிசலைத் தவிர்க்கிறார்களாம். மற்ற பதினெட்டு ஆட்டங்களில் இதை மன்னிக்கலாம். கடையாட்டத்தில் அவர்கள் வந்ததாகவே இந்நூல் கணக்கில் கொள்ளவில்லை.

ஏனெனில் விசிலுக்குப் பிறகுதான் வலம் வருதல். வென்ற ஆண்டில் இது வெற்றி வலம். பன்னிரண்டாவது வந்த ஆண்டில் வெற்றி என்று சொல்ல வாய் கூசும். ஆகவே அறிவிப்பாளர் நன்றி வலம் என்பார். இங்கே பெருந்தொற்றுக் காலத்தை ஒரு தரம் நினைக்க வேண்டும். 2020 ஜூலை 22 அன்று லிவர்பூல் முப்பதாண்டு காத்திருந்து பெற்ற கோப்பையை ஆன்ஃபீல்டில் தூக்கியது, செல்சியை 5-3 என வென்ற பிறகு, ஒரு ரசிகர்கூட இல்லாமல். கோப் ஸ்டாண்டில் மேடை, விளக்கு, புகை எல்லாம் வைத்தார்கள். வலம் வர அங்கே யாரைச் சுற்றுவது? இலக்கணப்படி அது வாகை. ஆனால் முதற்பொருளும் உரிப்பொருளும் இருந்தும் ஆள் இல்லாததால், அதைத் திணை வழு என்றே கொள்கிறேன்.

நம் பன்னிரண்டாம் இடத்துக் கழகத்துக்கு வருவோம். வீரர்கள் உடைமாற்று அறைக்குப் போய், பத்து நிமிடம் கழித்துக் கையில் குழந்தைகளோடு திரும்புகிறார்கள். குழந்தைகளின் முதுகில் 'அப்பா' என்று எழுதிய சின்னச் சட்டை. பருவம் முழுக்கத் திட்டு வாங்கிய இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் மகளைத் தோளில் தூக்கியிருக்கிறார், திட்டியவர்கள் கையசைக்கிறார்கள். அப்போது ஒரு நாலு வயதுப் பையன் எங்கிருந்தோ ஒரு பந்தை உருட்டிக்கொண்டு ஆளில்லாத கோலை நோக்கிப் புறப்படுகிறான். மொத்த ஸ்டாண்டும் அவனைக் கவனித்துவிடுகிறது. ஒவ்வொரு உதைக்கும் 'ஓ' என்ற ஒலி ஏறுகிறது. பெட்டிக்குள் வந்ததும் விழுகிறான். பெனால்ட்டி கேட்டு நாலாயிரம் பேர் நடுவரைத் திட்டுகிறார்கள், நடுவர் எப்போதோ குளித்துவிட்டார். எழுந்து மறுபடி உதைக்கிறான். கோடு தாண்டுகிறது. அன்றைய நாளின் பெருமுழக்கம் அதுதான், ஆட்டம் 0-0.

அந்தக் கோலை லீகின் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. பதினேழு விதிகளில் எதன்படி அதை விலக்குகிறார்கள் என்று பார்த்தேன். முதலாம் விதியில் மைதானம் சரியாக இருக்கிறது, இரண்டாம் விதியில் பந்து சரியாக இருக்கிறது. மூன்றாம் விதிப்படி எதிரணியில் ஏழு பேராவது இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஏழு பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பையனின் அப்பாவோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.